பீலிக்கு இறங்கும் படி

முத்துலிங்கம் ஐந்து மணிக்கு எழுந்தான். பாயைச் சுருட்டிச் சுவரோரம் வைத்தான். அடுப்புச் சாம்பலை வழித்தான். காய்ந்த தேயிலை மிலாறு நாலை முறித்துப் பற்றவைத்தான். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு முன்கதவைத் திறந்து வெளியே போனான்.

பின்கதவைத் திறந்தால் பீலி ஐந்து படி கீழேதான். மலையிலிருந்து வரும் தண்ணீர் இரவும் பகலும் அங்கே இரும்புக் குழாயிலிருந்து கல்லில் விழுந்துகொண்டிருக்கும். முன்பக்கமாகப் போவதென்றால் ரோட்டுக்கு இறங்கி, பேக்கரி வேலியைச் சுற்றி, ஒற்றையடிப் பாதையில் ஏறிவர வேண்டும். ஏழு மாதமாக அவன் அப்படித்தான் போய்வருகிறான். வரும் வழியில் பாதித் தண்ணீர் சிந்திவிடும். அதனால் இரண்டு நடை.

உள்ளங்கையில் சீனியை வைத்துக்கொண்டு பால் ஊற்றாத சாயத்தண்ணி குடித்தான். சவரம் செய்தான். சட்டையைப் போட்டுக் கழுத்துவரை பொத்தான் மாட்டினான். அன்று சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மேல் பொத்தானை மட்டும் கழற்றிவிட்டு உட்கார்ந்தான்.

எட்டு மணிக்கு ஆண்டியப்பன் வந்தார். கொட்டகலை பஜாரில் சுவர் கட்டும் மேசனும் அவர்தான். வீடு விற்பவனையும் வாங்குபவனையும் சேர்த்துவைப்பதும் அவர்தான். முகத்தில் ஒட்டிய சிலந்தி வலையைத் துடைத்துக்கொண்டே உள்ளே நுழைந்தார்.

"என்னா மாஸ்டர், கல்யாண வீடு கணக்கா தோரணமெல்லாம் கட்டி வச்சிருக்கீங்க."

"ஒண்ணும் செய்ய வேணாம்ணே. இருக்கறத இருக்கற மாதிரியே வித்துருங்க."

"விப்போம். ஆனா எதச் செய்யாம விடறதுன்னு ஒரு வெவரம் வேணுமில்ல? எல்லாத்தையும் விட்டா வீடு போவாது. எல்லாத்தையும் செஞ்சா நீங்க போவ முடியாது. வாங்க, ஒரு சுத்து வருவோம்."

முத்துலிங்கம் பள்ளிக்கூட அப்பியாசக் கொப்பி ஒன்றையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டான். இலங்கையில் தங்கியிருக்க அவனுக்குக் கொடுத்திருந்த அனுமதி ஏப்ரல் முப்பதோடு முடிகிறது. அதற்குள் வீடு கைமாறவேண்டும். மாறாவிட்டால் பூட்டிச் சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டு, பார்த்தேயிராத ஊருக்கு வெறுங்கையோடு கப்பலேறவேண்டும்.

ஆண்டியப்பன் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். தகரத்தில் துரு தின்ற ஓட்டைகள் வழியாக வெயில் காசு காசாக விழுந்துகொண்டிருந்தது.

"இது மாசி. அண்ணாந்து பாக்கறவன் எவன்? மழை தொடங்கறப்ப நீங்க ராமேஸ்வரம் தாண்டிருப்பீங்க. விடுங்க."

கொப்பியில் 'கூரை' என்று எழுதிக் குறுக்கே கோடு போட்டான்.

"இந்த சன்னல் தொட்டா கழண்டு வருது. பூட்டியே வைப்போம். குளிருன்னு சொல்லிக்கலாம். இந்தப் பலகை கறையான் தின்னது. மேசைய இழுத்து மேல போட்டுருங்க. புகைக்கூண்டு வெடிச்சிருக்கு. அது பொம்பள கண்ணுல மட்டுந்தான் படும், ஒரு சட்டி மண்ணக் கொழச்சு அப்பிருவோம்."

கோடு. கோடு. கோடு.

"முன்சுவத்துக்கு மட்டும் சுண்ணாம்பு அடிச்சே ஆவணும். மூஞ்சியக் கழுவாம பொண்ணு காட்டுவாங்களா?"

"வேணாம்."

"மாஸ்டர், ஒரு நாள் வேலை…"

"வேணாம்ணே. விக்கிற வீட்டுக்கு வேலை பாத்துத்தான் எங்கப்பா கெட்டாரு."

அந்தக் கதை பஜாருக்கே தெரியும்.

அப்பா சோமசுந்தரம் பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். நாற்பத்தொன்றாம் வருடம், இந்தியாவில் முசிறிப் பக்கத்துப் பூர்வீக வீட்டை விற்கப் போனார். அப்படியே விற்றால் பாதி விலைதான் கிடைக்கும் என்று ஓடு மாற்றினார். சுவரை உயர்த்தினார். கிணற்றுக்கு உறை இறக்கினார். நல்ல விலைக்குத்தான் போனது. பதினான்கு மாதம் கழித்து, செலவு ரசீதுகள் நிறைந்த ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தார்.

ஐம்பத்தொன்றில் குடும்பத்துக்கே இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு விண்ணப்பம் போட்டார். முத்துலிங்கத்துக்கு அப்போது பத்தொன்பது வயது. அப்பாவின் தாளிலேயே அவன் பெயரும் ஏறியது. விசாரணைக்குக் கூப்பிட ஐந்து வருடம் ஆயிற்று. இந்தியாவில் சொத்து ஏதும் இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். அந்தக் கேள்விக்காகவே அப்பா பதினைந்து வருடம் காத்திருந்தது போலிருந்தது. பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்தார். "எல்லாத்தையும் வித்துட்டேனுங்க. ஓடு மாத்தினது, கொத்தன் கூலி, எல்லா ரசீதும் இருக்குங்க. இனிமே இதுதாங்க என் ஊரு."

அதிகாரி மரியாதையானவர். ரசீதுகளைத் தேதி வாரியாக, சீட்டு அடுக்குவதுபோல மேசையில் அடுக்கினார். முதல் சீட்டையும் கடைசிச் சீட்டையும் விரலால் தொட்டார். சட்டப்படி, அந்த வருடங்களில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நாட்டைவிட்டுப் போயிருந்தால், இங்கே தொடர்ந்து இருந்ததாகக் கொள்ளமாட்டார்கள். அப்பாவுக்கு அது தெரியாது. வெளியே வந்து இரண்டு சோடா வாங்கினார். ஒன்றை மகனிடம் கொடுத்தார். "பெட்டியோட குடுத்துட்டேன்டா. இனி எவன் என்ன சொல்லிட முடியும்?" என்றார்.

அடுத்த வருடம் அப்பா போய்ச்சேர்ந்தார். விண்ணப்பம் உயிரோடு இருந்தது.

அதே வருடம் முத்துலிங்கத்துக்குக் கல்யாணமாயிற்று. கண்டியில் கல்லூரிப் படிப்பு முடித்து வந்தவன் என்று நானுஓயாவில் பெண் கொடுத்தார்கள். சண்முகவடிவு. வடிவு வந்த முதல் மாதமே கூரை ஒழுகியது. அலுமினியப் பேசினை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, தகரம் மாற்றலாமே என்றாள். கடுதாசி வரட்டும் என்றான். இருப்பதா போவதா என்று தெரியாமல் ஒரு வீட்டில் காசைக் கொட்டுவது முட்டாள்தனம் என்று அவளுக்கு நிதானமாக விளக்கினான். அவன் எதையும் நிதானமாகத்தான் விளக்குவான். சன்னலுக்கும் அதையே சொன்னான். அலமாரிக்கும் அதையே சொன்னான். பிள்ளை என்று அவள் பேச்செடுத்தபோதும், எந்த நாட்டுப் பிள்ளை என்று பதிவது, கடுதாசி வரட்டும் என்றான்.

பிறகு அவள் எதையும் கேட்பதை விட்டுவிட்டாள். தபால்காரர் ரோட்டில் போகும்போது மட்டும், அடுப்படியிலிருந்து, ராகம் போட்டு ஒரே கேள்வியைக் கேட்பாள். அதில் சிரிப்பு இருக்கும். நாலு வருடத்தில் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. எப்போது முழுக்க நின்றது என்று அவன் கவனிக்கவில்லை.

ஆண்டியப்பன் அடுப்படியைத் தாண்டிப் பின்கதவின் கொண்டியில் கை வைத்தார். திரும்பி முத்துலிங்கத்தைப் பார்த்தார்.

"தொறங்க" என்றான்.

ஐந்து படி. எல்லாம் அப்பா காலத்துக் கருங்கல். மூன்றாவது கல் மட்டும் ஆடும். முன்பக்கத்தை மிதித்தால் பின்பக்கம் தூக்கும். வடிவு அதைத் தாண்டி நாலாவதில் கால் வைத்துப் பழகியிருந்தாள். யாராவது வந்தால், "நாலாவதுல வைங்க, நாலாவதுல வைங்க" என்று கையைப் பிடித்து இறக்குவாள். ஆடி மாத மழையில் ஒரு காலை, ஒரு கையில் வாளியும் இடுப்பில் குடமுமாக ஏறிவந்தவளுக்குப் படி தெரியவில்லை. முத்துலிங்கம் சவரம் செய்துகொண்டிருந்தான். குடம் உருளும் சத்தம் கேட்டது. பாதிச் சவரத்தில் எழுந்து ஓடாமல், "என்ன அங்க?" என்று கேட்டது அவனுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பின்மண்டை பீலிக் கல்லில் பட்டிருந்தது. விறகு லொறி ஒன்றை மறித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை. லொறியில் ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்து பேசினாள். என்ன சொன்னாள் என்று சாவு வீட்டில் பெண்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். முருகா என்று சொன்னாள் என்றான். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. அது பொய்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மூன்றாம் நாள் கடுதாசி வந்தது. பழுப்பு உறை. நிராகரிக்கப்பட்டது.

"இதத் தொடவே தொடாதீங்க மாஸ்டர்" என்றார் ஆண்டியப்பன், படியைப் பார்த்தபடி.

"இதையுமா?"

"இதத்தான். பழைய வீட்டுல ஒத்தப் படி மட்டும் புதுச் சீமெந்தா இருந்தா, வர்றவன் கேக்கற மொதக் கேள்வி, ஏன் இத மட்டும் கட்டினீங்கன்னு. அப்ப என்னா சொல்லுவீங்க? துர்மரணம் நடந்த வீடு, வருசங்கூடத் திரும்பல. எவன் வருவான்? வாங்கறவங்க அக்கரப்பத்தனை ஆளுங்க, ஒண்ணும் தெரியாது. நாம தொடாம விட்டா அது வெறுங் கல்லு."

"யாராச்சும் விழுந்தா?"

"ஒரு படி ஆடாத வீடு எங்க மாஸ்டர் இருக்கு? ரெண்டு நாள்ல பழகிருவாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கு உறைத்தது. தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார். முத்துலிங்கம் 'படி' என்று எழுதினான். கோடு போட்டான். கோடு நேராகத்தான் விழுந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். நல்லமுத்து அக்கரப்பத்தனைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெறுபவர். தோட்டத்து வீட்டைக் காலிசெய்தாக வேண்டும். மெலிந்த மனிதர், பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல், எதையும் சொல்லாமல் நடந்தார். அவர் மனைவி அன்னம்மா எல்லாவற்றையும் தொட்டாள், எல்லாவற்றையும் சொன்னாள்.

"இந்த மேச ஏன் தம்பி நடு வழியில நிக்குது? மாடு கட்டுவீங்களா இதுல?"

"படிக்கறவங்க வீடும்மா" என்றார் ஆண்டியப்பன். "எங்க ஒக்காந்தாலும் எழுதணும்."

"அடுப்பு நல்லாருக்கு. புகைக்கூண்டுக்கு இப்பத்தான் மண்ணு பூசுனாப்ல இருக்கு. மேசனே, ஒங் கைவிரல் அப்பிடியே பதிஞ்சிருக்கு பாரு. அடுத்த தடவ ஏமாத்தறப்பக் கரண்டியால பூசு."

ஆண்டியப்பன் பலமாகச் சிரித்தார். அன்னம்மா பின்கதவைத் திறந்தாள். தண்ணீர்ச் சத்தம் உள்ளே வந்தது. அவள் முகம் மலர்ந்தது.

"அடியாத்தி, வாசல்லயே பீலி! ஏங்க, பாத்தீங்களா? முப்பது வருசம் தண்ணிக்கு மலை ஏறுனேனே!"

"வழுக்கும்மா" என்றான் முத்துலிங்கம்.

"வழுக்காத எடம் இந்த மலையில எது தம்பி? எனக்கு முழங்காலுதான் சரியில்ல. சறுக்கறதெல்லாம் கைவந்த வேலை."

நிலையைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் இறங்கினாள். இரண்டாவதில் இறங்கினாள். கனமான உடம்பு. அடுத்த காலைத் தூக்கினாள். முத்துலிங்கம் எப்படி வந்தான் என்று அவனுக்கே தெரியாது. அவள் முழங்கையைப் பிடித்திருந்தான்.

"நாலாவதுல வைங்க."

அவள் வைத்தாள். பிறகு அவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "ஏன், மூணாவதுல சாமி இருக்கா?"

"ஒரு கல்லு லேசா ஆடும்மா, அவ்வளவுதான்" என்றார் ஆண்டியப்பன்.

அன்னம்மா பீலியில் கை கால் கழுவிக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஒங்க வீட்டம்மா எங்க தம்பி? ஒரு வாய் தேத்தண்ணி குடுக்கக்கூட ஆளக் காணோம்?"

முத்துலிங்கம் வாயைத் திறந்தான்.

"அவங்க முன்னாலயே போயிட்டாங்கம்மா" என்றார் ஆண்டியப்பன். "இவருதான் வீட்ட வித்துட்டுப் பின்னால போவணும்."

"கெட்டிக்காரி. மூட்ட கட்டறதெல்லாம் ஆம்பளைக்கு விட்டுட்டுப் போயிருக்கா."

நல்லமுத்து அன்று பேசிய பேச்சு ஒன்றுதான். வியாழக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது, தாம்பூலத்தில் முன்பணம் வைத்துவிடலாம் என்றார்.

திங்களும் செவ்வாயும் முத்துலிங்கம் பள்ளிக்கூடம் போய்வந்தான். இரண்டு காலையும் முன்வாசல் வழியாகவே தண்ணீருக்குப் போனான். செவ்வாய்க்கிழமை பேக்கரி வேலியருகில் வாளியை இறக்கி வைத்துவிட்டுக் கை மாற்றும்போது, முந்தானையால் முகம் துடைத்த அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள். இரண்டு நாளில் பழகிவிடுவாள். பிறகு ஒரு நாள் மழை பெய்யும். இரண்டு கையிலும் தண்ணீர் இருக்கும்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் பஜாரில் ஒரு சட்டிச் சீமெந்து வாங்கிக்கொண்டு வந்தான். பின்கதவைத் திறந்தான். இறங்கினான். கடப்பாரையால் மூன்றாவது கல்லை நெம்பிப் புரட்டினான். அடியில் முட்டுக்கொடுத்திருந்த சிறு கல் ஒன்று மண்ணோடு நழுவிப் போயிருந்தது. உள்ளங்கை அளவுக் கல். அதைப்போல ஒன்றைப் பீலி ஓரத்திலேயே தேடி எடுத்தான். வைத்தான். சீமெந்தைக் குழைத்துப் போட்டுக் கல்லை அதன்மேல் இறக்கினான். ஓரங்களைப் பூசினான். ஏறி நின்று பார்த்தான். ஆடவில்லை.

உள்ளே போய் மணியைப் பார்த்தான். அரைமணி நேரம் ஆகியிருந்தது.

வியாழக்கிழமை காலையில் முன்னதாகவே வந்த ஆண்டியப்பன் பின்கதவருகில் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கெடுத்தீங்களே மாஸ்டர்! பூசத் தெரியாதவன் பூசுனதுன்னு ரோட்டுல போறவனுக்குக்கூடத் தெரியும். இருங்க, கொஞ்சம் சாணியும் பாசியும் கரைச்சு ஊத்தறேன். பத்து வருசத்துப் படி மாதிரி ஆயிரும்."

"விடுங்கண்ணே."

"படிச்ச மனுசன்தானே நீங்க?"

"அதத்தான் நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்."

நல்லமுத்து தாம்பாளத்தோடு வந்தார். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், அதன்மேல் உறை. அன்னம்மா நேராகப் பின்கதவுக்குத்தான் போனாள். அங்கேயே நின்றாள்.

"கட்டிட்டீங்களா தம்பி? எனக்காகவா?" என்றாள். பிறகு அவள் பார்வை ஒழுகும் தகரத்துக்கும், கழன்ற சன்னலுக்கும், மேசைக்கும் போய்விட்டு மறுபடி படிக்கு வந்தது. "எத்தன ஓட்ட ஒடைசல் கெடக்கு. ஏன் இத மட்டும் கட்டினீங்க?"

ஆண்டியப்பன் இருமினார்.

"என் சம்சாரம் இதுல விழுந்துதாம்மா செத்தா" என்றான் முத்துலிங்கம். "ஆடி மாசம். முன்னால போயிட்டான்னு சொன்னது அதத்தான். நாலு வருசமா இந்தப் படி ஆடுச்சு. கட்டித் தரச் சொல்லிப் பாத்தா. நான் கட்டல."

தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அன்னம்மாவின் கை வாய்க்குப் போனது. நல்லமுத்து குனிந்து தாம்பாளத்திலிருந்த உறையை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். அவர் முகத்தில் பயமில்லை. துக்கமுமில்லை. நெடுநாளாகத் தேடிய சாவி கைக்கு அகப்பட்ட மாதிரி ஒரு அமைதி இருந்தது.

"கூரையில பதினொரு ஓட்ட" என்றார். "சன்னல் ரெண்டு. மேசைக்கடியில கறையான். அன்னைக்கே பாத்துட்டேன் மாஸ்டர். அதெல்லாம் போகட்டும்னுதான் அந்த வெலைக்குச் சம்மதிச்சேன். ஆனா துர்மரணம் நடந்த வீட்ட அந்த வெலைக்கு எவன் வாங்குவான்? நீங்களே சொல்லுங்க. மூணுல ஒரு பங்கு கொறச்சுக்குங்க. சாந்தி கழிக்கிற செலவு எங்களுது."

"ஐயா, இது ஞாயமில்ல…" என்று தொடங்கினார் ஆண்டியப்பன்.

"ஏப்ரல்ல பெர்மிட்டு முடியுதாமே" என்றார் நல்லமுத்து, மென்மையாக.

"சரி" என்றான் முத்துலிங்கம்.

ஆண்டியப்பன் வெளியே போய்க் காறித் துப்பினார். நல்லமுத்து உறையை எடுத்துத் திறந்து, கொஞ்சத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தாம்பாளத்தில் வைத்தார். முத்துலிங்கம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். வெற்றிலை ஈரமாக இருந்தது.

அன்னம்மா அவன் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் கேட்டாள். "தப்பா நெனைக்காதீங்க தம்பி. நான் இந்த வீட்டுல பொழங்கணும், ஒத்தையில இருக்கணும். அந்தப் புள்ள ஏதாச்சும் ஆச வச்சிட்டுப் போயிருக்கா? போறப்ப என்ன சொன்னா?"

"முருகான்னு சொன்னா" என்றான்.

"அப்பாடா" என்று அன்னம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "புண்ணியவதி. கொறையில்லாமப் போயிருக்கா." முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மூன்றாவது படியில் காலை ஊன்றி வைத்து, பீலிக்கு இறங்கிப் போனாள். படி அசையவில்லை.

முத்துலிங்கம் கதவருகிலேயே நின்றான். அன்று லொறியில் விறகின்மேல் சாக்கை விரித்து வடிவைக் கிடத்தியிருந்தார்கள். தலை அவன் மடியில். மழை நின்றிருந்தது. அவன் முகத்தில் ஒரு பக்கம் சோப்பு நுரை காய்ந்துபோயிருந்தது. ரயில் நிலையத் திருப்பத்தில் லொறி நின்று எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டது. அப்போதுதான் வடிவு கண்ணைத் திறந்தாள். வலிக்கிறது என்று சொல்லவில்லை. அவனைத்தான் பார்த்தாள். சிரிக்கிறாளா, இல்லையா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. உதடு மெதுவாக அசைந்தது. அவன் குனிந்து காதைக் கொடுத்தான்.

"ஏங்க, கடுதாசி வந்துருச்சா?"